தூக்குப்போசி எண்ணியவர்

அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் முகம் அவருக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. இரண்டு வருடம் அவர் குடைக்கு ஓரடி பின்னால் நடந்தேன். கரிசல் புழுதியில், பனைகளின் நிழல் கோடு போட்ட வண்டித்தடத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிற வெயிலில். ஒரு தடவைகூடத் திரும்பி, "நீ எந்த ஊர், யார் மகன்?" என்று அவர் கேட்டதில்லை. அது மரியாதை என்று முதலில் நினைத்தேன். மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு உறைக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. கழுத்துக்கு மேல் இருப்பதற்கு அவர் வைத்த பெயர் தலை. தலையை எண்ணலாம். அத்தோடு அதன் உபயோகம் முடிந்தது.

எழுபதுகளின் நடுவாக்கில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த புள்ளிவிவர அதிகாரி அவர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, முதலமடையிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும், தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் புரளுகிற ஊர்களில், மில், சூளை, ஆலை, பட்டறை என்று ஒவ்வொன்றுக்கும் போக வேண்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கூடினார்களா குறைந்தார்களா, புதிதாக எது முளைத்தது என்று எழுத வேண்டும். அறுவடைக்கு அறுவடை ஒரு சுற்று. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த உள்ளூர்ப் பட்டதாரி ஒருவன் தேவைப்பட்டதால், வேலையில்லாமல் காற்றைத் தின்றுகொண்டிருந்த என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பஸ்ஸில் அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

"நாடு வளருதான்னு டில்லியில உக்காந்து சொல்லக்கூடாது, தம்பி. மொத்தக் கணக்கு பொய் சொல்லும். ஒவ்வொரு கம்பெனியா எட்டிப் பார்க்கணும். எது பொறக்குது, எது வளருது, எது நாலு பேருக்கு வேலை குடுக்குது. அங்கதான் உண்மை இருக்கு."

எவ்வளவு நல்ல வாக்கியம். ஜன்னலுக்கு வெளியே நெல்லியாம்பதி மலை நீலமாகக் கூடவே ஓடி வந்தது. அந்த வாக்கியத்தை நான் இன்றும் நம்புகிறேன். அது போயும் போயும் இவர் வாயிலா பிறக்க வேண்டும் என்பதுதான் என் ஆத்திரம். தாமரை எங்கே வேண்டுமானாலும் பூக்கட்டும். சாக்கடை அதற்குச் சொந்தம் கொண்டாடினால் பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு கம்பெனியாகத்தான் போனோம். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு நாற்காலி கேட்பார். அதன் மேல் கைக்குட்டையை விரித்து, நாலு மூலையும் நீவி, சாமி படத்துக்கு முன்னால் உட்காருவது போல உட்காருவார். கொட்டகைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். ஏன் சார் என்று கேட்டேன்.

"உள்ள போனா ஆளுங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க, தம்பி. பேசினா எண்ணிக்கை தவறிடும்."

வெளியே உட்கார்ந்து எப்படி எண்ணுவது? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வருகிற பெண்கள் ஆளுக்கொரு தூக்குப்போசியில் சோறோ கூழோ கொண்டுவருவார்கள். வந்ததும் எல்லாப் போசியையும் சுவரோரம் நிழலில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இவர் அந்தப் போசிகளை எண்ணினார்.

"ஆள் அசையும். ஒருத்தி தண்ணி குடிக்கப் போவா, ஒருத்தி பிள்ளைக்குப் பால் குடுக்கப் போவா. போசி அசையாது. ஒரு போசி, ஒரு ஆள். என் சர்வீஸ்ல நானே உண்டாக்கின முறை இது."

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஈரம் மினுங்கும். பிறந்த குழந்தையைப் பற்றிச் சொல்கிற ஈரம்.

ஒரு கிருத்திகை நாளில் செங்கல் சூளை ஒன்றுக்குப் போனோம். பாதிப் பெண்கள் விரதம். போசி கொண்டு வரவில்லை. மண் மிதிக்கிற கால்கள் அத்தனையும் கண்ணெதிரே மிதித்துக்கொண்டிருக்க, இவர் சுவரோரத்தைப் பார்த்து, சூளையில் வேலை பாதியாக விழுந்துவிட்டது என்று எழுதச் சொன்னார்.

"இன்னிக்கு கிருத்திகைங்க சார். அவங்க சாப்பிட மாட்டாங்க."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை, தம்பி."

அடுத்த சுற்றில் விரதமில்லாத நாளில் போனோம். சூளை ஒரே பாய்ச்சலில் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. முருகனுக்குப் பட்டினி கிடந்தால் வேலை போகிறது, சாப்பிட்டால் வேலை வருகிறது. தேசத்தின் பொருளாதாரத்தைக் குடலில் வைத்துக்கொண்டிருந்தார்கள் எங்கள் பெண்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கடலை எண்ணெய் ஆலை இரண்டு சுற்றுக்கு நடுவில் மூடிப்போயிற்று. பூட்டின கேட்டுக்கு முன்னால் பழைய தொழிலாளி ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

"ஏனுங்க, எங்கள எழுதிக்கலீங்களா?"

"ஆலை இல்லையே," என்றார் இவர்.

"ஆலை இல்லீங்க. நாங்க இருக்கறமுங்க."

இவர் ஸ்கேலை வைத்து அந்த ஆலையின் பெயர் மேல் நேராக ஒரு கோடு கிழித்தார். நடந்து வரும்போது விளக்கினார்: "செத்த யூனிட்டைச் சுமந்துகிட்டிருந்தா சராசரி கெட்டுப்போகும்." இப்படித்தான் எங்கள் வட்டாரத்தில் எந்த ஆலையும் சாகவில்லை. பிறந்தன, வளர்ந்தன, பிறந்தன. எமன் இரண்டு வருடம் லீவில் இருந்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் லஞ்சம் வாங்கியதில்லை. ஒரு படி அரிசி, ஒரு கூடை மாங்காய், எதையும் தொட்டதில்லை. குடித்த இளநீருக்குச் சில்லறை எண்ணி நாற்காலிக் கையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாங்கியிருந்தால் மன்னித்திருப்பேன். வாங்குகிறவனுக்குத் தான் விற்பது என்ன என்றாவது தெரியும். இவர் சுத்தமான கையோடு வந்து, சுத்தமான கையோடு பொய்யை எழுதிவிட்டு, சுத்தமான மனசோடு தூங்கினார்.

முதலமடை ரோட்டில் ஒரு அரிசி மில் இருந்தது. நெல் அவிக்கிற பாய்லர், காய வைக்கிற களம், அரவைக் கொட்டகை, மூட்டை பிடிக்கிற திண்டு, எல்லாம் ஒரே மதில் வளைவுக்குள். முதல் சுற்றில் இவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவள் மாராத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வீச்சரிவாளைப் பிடித்து மூன்று கொத்தில் கண் திறந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டுவாள். இவர் இளநீரைப் பார்த்தார். வாங்கினார். குடித்தார்.

"ஏந்தம்பி, உங்க சார் நெலத்துல என்னத்த தொலைச்சாரு? குனிஞ்ச தலை நிமிரலியே," என்றாள் என்னிடம்.

"போசி எண்றாருங்கக்கா."

"அட கொடுமையே. அப்ப நாளைக்கு நான் ரெண்டு போசி கொண்டாந்தா ரெண்டு கூலி குடுப்பாங்களா?"

மில் முதலாளி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை.

அந்த வருடம் சங்கக்காரர்கள் மில்லைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தார்கள். கரண்டில் மெஷின் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே நுழைந்துவிடும். பத்துக்குக் குறைந்தால் அது சின்னத் தொழில். சட்டம் வாசலோடு திரும்பிவிடும், பேங்க் லோன் வாசல் தேடி வரும். அடுத்த சுற்றுக்குப் போனபோது மில்லில் நான்கு போர்டு தொங்கியது. அதுவரைக்கும் முருகன் பெயரில் இருந்த ஒரே மில், முருகன் அரவை, வள்ளி அவியல், தெய்வானை களம் என்று பிரிந்திருந்தது. நாலாவதுக்குச் சாமிக்கு மூன்றாவது பெண்டாட்டி இல்லாததால், மயில் மூட்டைக்கட்டு. நடுவில் பனையோலைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி நாற்காலி.

இருந்தது பழைய இருபது சொச்சம் பெண்கள்தான். ஆள் கூடினால் லோனும் கூடும்; ஆனால் போர்டுக்கு ஒன்பது என்று கணக்குக் காட்ட ஆள் போதாது. அதனால் இவர் முருகன் வாசலில் உட்கார்ந்து எண்ணி முடித்து, கைக்குட்டையை மடித்து எழுவதற்குள், போசிகள் பாய்லருக்குப் பின்னால் ஓடி வள்ளி வாசலுக்கு வந்தன. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, பெண்கள் ஓடினார்கள்.

"ஏன்டி, நான் இப்ப வள்ளியா தெய்வானையா?"

"நீ மயிலுடி. தோகைய மூடிக்கிட்டு ஓடு."

மாராத்தாளின் போசி அடியில் நெளிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். நாலு வாசலிலும் அது சாய்ந்து நின்றது. நாலாவது வாசலில் இவர் அதைக் கவனித்தார். ஒரு தடவையாவது இந்த மனிதர் விழித்துக்கொள்ளப் போகிறார்!

"பார்த்தியா தம்பி, இந்த ஊர்ல போசியெல்லாம் ஒரே மாதிரி நெளிஞ்சிருக்கு. தரம் கம்மி. இங்க ஒரு அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு நல்ல வாய்ப்பிருக்குன்னு குறிப்புல சேர்த்துக்கோ."

"சார், இது அதே போசி. அதே ஆளுங்க. ஒரே மில்லு சார் இது."

"தம்பி, சந்தேகப்படறது நம்ம வேலை இல்லை. எண்றது நம்ம வேலை."

ஒரு வருடத்தில் ஒன்று நாலாயிற்று. சிறியதும் புதியதும்தான் வேலை கொடுக்கிறது என்பது அவருடைய முடிவு. பாலக்காட்டில் ஒரு மண்டபத்தில் இதைப் படமாக வரைந்து மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பேசினார். கோடு, பனைமரம் ஏறுகிறவன் மாதிரி மேலே மேலே போயிற்று. கைதட்டினார்கள். அவருக்கு மேல் உத்தியோகம் வரப்போகிறது என்று பேச்சு.

அந்தக் கைதட்டல் ஓய்ந்த மாதத்தில்தான் மாராத்தாளின் வலது கை போயிற்று. மூட்டை தைத்துக்கொண்டிருந்தவளை அரவைக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் குனிந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே எதையும் மிச்சம் வைக்க ஆஸ்பத்திரியால் முடியவில்லை.

நஷ்டஈடு கேட்டதற்கு முதலாளி சொன்ன பதிலை ஊரே திரும்பத் திரும்பச் சொன்னது.

"அவ மயில் கம்பெனி ஆளு. மயில்ல மெஷினே இல்லீங்க. ஊசியும் சணலும்தான். முருகன் கம்பெனிக்குள்ள அவ எதுக்குப் போனா?"

"மயிலு முருகனுக்குக் கீழ இல்லாம வேற எங்கீங்க இருக்கும்?" என்று கேட்டாளாம் கூட வேலை செய்த ஒருத்தி. அவளுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

தொழிலாளர் ஆபீசில் மாராத்தாள் அபேட்சை மனு கொடுத்தாள். நாலும் ஒரே மில், எல்லோரும் எல்லா வேலையும் செய்தார்கள் என்று, முதலாளியிடம் கூலி வாங்காத யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அந்த வளைவுக்கு இரண்டு தடவை வந்து நாலு வாசலிலும் உட்கார்ந்த வெளியாள் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரின் எடுபிடி நான். தற்காலிகக்காரன் பேச்சு எடுபடாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அவளைப் பயணியர் பங்களாவுக்குக் கூட்டிப்போனேன். இவர் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து வெந்நீரில் பாதத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவள் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றாள்.

"சாரே, கும்புடறனுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

"தனி ஆள் விவரம் வெளியே சொல்லக்கூடாது. சட்டம் இருக்கு," என்றார் வெந்நீரிடம்.

"விவரம் வேண்டாமுங்க. நாலு வாசல்லயும் எங்களையேதான் பார்த்தேன்னு சொன்னீங்கன்னா போதுமுங்க."

"நான் பார்க்கலையே."

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் அவரிடம் உள்ள விஷம். பார்க்கவில்லை என்பதை ஒரு தகுதிச் சான்றிதழ் போல எடுத்து நீட்டினார்.

"நாலு தடவையும் நான் முன்னால வந்தனுங்க. அதுக்கு முந்தின தடவை எளநி வெட்டிக் குடுத்ததும் நாந்தானுங்க. இந்தக் கையிலதானுங்க."

முந்தானையை விலக்கினாள். இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அந்த நெற்றியில் கோடு விழுந்ததை நான் பார்த்தேன்.

"ஆமா," என்றார். "இளநீர் நல்லாயிருந்தது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பங்களாவின் ஓட்டைப் பார்த்தேன். அணில் ஒன்று ஓடியது. உலகத்தில் அணில்கள் ஏன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று இருந்தது.

விசாரணைக்குத் தொழிலாளர் ஆபீஸ் இவரை முறைப்படி அழைத்தபோது மட்டும் சட்டம் குறுக்கே வரவில்லை. வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். விசாரித்தவர் நிதானமானவர், மெல்லக் கேட்டார்.

"சாரே, நாலு கம்பெனிக்கும் பாய்லர் ஒண்ணுதானே?"

"பாய்லருக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லை. நாலு போர்டு, நாலு வாசல், நாலு யூனிட். நேரில் கண்டது."

"ஆளுங்க ஒண்ணா?"

"தலை ஒவ்வொண்ணுலயும் ஒன்பது."

நாலும் ஒன்றே என்று சொன்னால் மண்டபத்தில் மாட்டிய கோடு தரையில் விழும். அது அவருக்குத் தெரிந்ததா, அல்லது தெரியாமலே அவர் உடம்பு அதைக் காப்பாற்றியதா? எனக்கு இரண்டுமே ஒன்றுதான். மாராத்தாளின் மனு தள்ளுபடி ஆயிற்று.

வெளியே வந்ததும் அவள் அழவில்லை. ஆபீஸ் வாசல் வேம்புக்கடியில் நின்று, இடது கையால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பல்லால் கடித்துச் செருகினாள். "மேல அப்பீலு இருக்குதாம் தம்பி. பார்க்கலாம்," என்றாள்.

எனக்குக் கொடுத்த வேலை அடுத்த சுற்றோடு முடிந்தது. கடைசியாகப் போன இடங்களில் அந்த மில்லும் ஒன்று. அஞ்சாவதாக ஒரு போர்டு தொங்கியது. சேவல் தவிட்டு வியாபாரம். களத்து மூலையில் ஒரு சாக்குப் பந்தல். அதன் கீழே தவிட்டுக் குவியலுக்கு முன்னால் மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். சல்லடையின் ஒரு விளிம்பை வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கி, மறு விளிம்பை இடது கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பீலுக்குப் போவதில்லை என்று பேசி முடித்து முதலாளி கொடுத்த வேலை அது. பாதிக் கூலி. அடுப்பு எரிய வேண்டுமே. வேறு எந்த மில்லும் ஒற்றைக் கையை எடுக்கவில்லை.

இவருக்கு நாற்காலி போட்டார்கள். கைக்குட்டை விரிந்தது.

"இது புது யூனிட்டா?"

"ஆமாங்க சார். இப்பத்தான ஆரம்பிச்சிருக்கறம். ஒரே ஆளுதானுங்க," என்றார் முதலாளி.

"ஒண்ணுலதான் எல்லாம் ஆரம்பிக்குது. அப்புறம் வளரும்." அவர் குரலில் அந்தப் பழைய ஈரம். "ஆளும் புதுசா?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் மாராத்தாள் சொன்னாள்.

"புதுசுதானுங்க சாரே. போன வருசம் ரெண்டு கையோட ஒருத்தி இங்க இருந்தா. அவள உங்குளுக்குத் தெரியாதுங்க."

களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த கால்கள் அத்தனையும் நின்றன. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்கோ தம்பி," என்றார் இவர். "புது யூனிட் ஒண்ணு. புது வேலை ஒண்ணு."

நான் பென்சிலை அவர் முழங்கால் மேல் வைத்தேன்.

"நீங்களே எழுதிக்கங்க சார்."

அவர் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. பென்சிலை எடுத்து, கூர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எழுதத் தொடங்கினார். மாராத்தாள் சல்லடையை மறுபடி இடுக்கினாள். கணவாய்க் காற்று திரும்பி வீசியது. தவிடு எழுந்து அவர் பக்கமாகப் பறந்தது.

"சாரே, சித்தே தள்ளி ஒக்காருங்க. உங்க மேல தூசு படியுது," என்றாள் அவள்.

அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, எழுதி முடித்தார்.